சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் ஒரு நட்சத்திரம்

அண்ணனிடமிருந்து போன் வந்தால் இரண்டே காரணம்தான். ஊரில் யாராவது காலமாகியிருப்பார்கள். இல்லாவிட்டால் வருமான வரி ரிட்டர்ன். போன வாரம் வந்த போன் இரண்டிலும் சேராதது.

"உடனே கிளம்பி வா. கார்த்தி கெட்டுப் போயிட்டான்."

பதறிவிட்டேன். கார்த்தி அண்ணனின் ஒரே மகன். எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் கடைசி வருஷம். ஹோட்டலில் சாம்பார் இன்னொரு தடவை கேட்கவே கூச்சப்படுகிற ஜாதி.

"என்னண்ணே, குடியா? காதலா?"

"அதா இருந்தா நானே பாத்துக்க மாட்டேனா? சென்னையில சாஃப்ட்வேர் கம்பெனி வேலை கிடைச்சிருக்கு. மாசம் 28,000. வேண்டாங்கறான். ராத்திரி பூரா கம்ப்யூட்டர்ல உக்காந்து நட்சத்திரம் பண்ணிட்டிருக்கான்."

"நட்சத்திரமா?"

"அதுவும் கண்ணுக்கே தெரியாத நட்சத்திரமாம்டா! திங்கக்கிழமைக்குள்ள கம்பெனிக்குப் பதில் சொல்லணும். நீ வந்து நாலு வார்த்தை புத்தி சொல்லு."

"நானே அக்கவுன்ட்ஸ் வேலையை விட்டுட்டுப் பத்திரிகைக்கு எழுதிட்டிருக்கறவன். நான் சொன்னா கேப்பானா?"

"அதுக்குத்தான் உன்னைக் கூப்பிடறேன். மாசச் சம்பளம் இல்லாதவன் எப்படி இருப்பான்னு நேர்லயே பாக்கட்டும்."

இப்படி ஒரு மரியாதையுடன் அழைத்தால் போகாமல் இருக்க முடியுமா? வெள்ளிக்கிழமை ராத்திரியே திருச்சிக்கு பஸ் ஏறினேன்.

*

கார்த்தியின் அறையில் டேபிள் ஃபேன் அவனைப் பார்த்து ஓடவில்லை. லேப்டாப்பைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. "சூடாயிடுது சித்தப்பா" என்றான். அவன் சட்டை நனைந்திருந்தது.

"டார்க் மேட்டர்னா என்னன்னு தெரியுமா?" என்று ஆரம்பித்தான்.

"தெரியாது. நான் பி.காம்."

"சரி, டிரையல் பாலன்ஸ் டேலி ஆகலைன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"திரும்பக் கூட்டுவோம். வவுச்சர் தேடுவோம். ராத்திரி ஒன்பது மணிக்கும் கிடைக்கலைன்னா, வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுன்ட்ல போட்டுட்டு வீட்டுக்குப் போவோம்."

"அதேதான். பிரபஞ்சத்தோட சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டுக்குப் பேரு டார்க் மேட்டர்."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். பன்னிரண்டு வருஷத்தில் என் படிப்பை ஒரு பிசிக்ஸ்காரன் மதித்தது இதுதான் முதல் தடவை.

விஷயம் இதுதான். 1933-ல் ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி என்ற விஞ்ஞானி, கலிபோர்னியாவில் இருந்துகொண்டு, கோமா என்கிற காலக்ஸிக் கூட்டத்தைக் கணக்குப் பார்த்தார். உள்ளே இருக்கும் காலக்ஸிகள் ஓடுகிற வேகத்துக்கு அந்தக் கூட்டம் எப்போதோ சிதறியிருக்க வேண்டும். சிதறவில்லை. கண்ணுக்குத் தெரிகிற சரக்கு அதைப் பிடித்து வைக்கப் போதாது. ஆகவே தெரியாத சரக்கு ஏதோ இருக்கிறது என்று எழுதி வைத்தார். மனிதர் கொஞ்சம் சிடுமூஞ்சி. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

1970-ல் வேரா ரூபின் என்ற அம்மையாரும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடா காலக்ஸியைப் பார்த்தார்கள். நம் சூரியக் குடும்பத்தில் சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கும் புதன் நொடிக்கு 47 கிலோமீட்டர் ஓடுகிறது. கடைக்கோடி நெப்டியூன் 5 கிலோமீட்டர்தான். முதலாளிக்குப் பக்கத்து மேஜைக்காரன் சுறுசுறுப்பாக இருப்பதும், கடைசி மேஜைக்காரன் கொட்டாவி விடுவதும் இயற்கை. ஆண்ட்ரோமெடாவில் அப்படி இல்லை. வெளி ஓரத்தில் இருப்பதும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு முதலாளி கடைசி மேஜை வரை நிற்கிறார் என்று அர்த்தம்.

இன்றைய கணக்குப்படி பிரபஞ்சத்தில் நீங்கள், நான், இட்லி, இமயமலை, நட்சத்திரங்கள் எல்லாம் சேர்த்து 5 சதவீதம். டார்க் மேட்டர் சுமார் 27. மிச்சம் 68 டார்க் எனர்ஜி என்கிற இன்னொரு தலைப்பு. 95 சதவீதம் சஸ்பென்ஸில் கிடக்கிற பாலன்ஸ் ஷீட்டில் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?

"இருட்டுங்கற பேரே தப்பு சித்தப்பா" என்றான் கார்த்தி. "இருட்டுன்னா வெளிச்சத்தை மறைக்கணும். இது மறைக்காது, உறிஞ்சாது, திருப்பி அடிக்காது. வெளிச்சம் ஊடுருவிப் போயிடும். கண்ணாடி மாதிரி. ஆனா எடை உண்டு."

*

இந்தக் கண்ணாடிச் சரக்கு எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்து ஒரு உருண்டையானால்?

அதற்கு ஒரு பெயர் உண்டு. போசான் நட்சத்திரம். 1968-ல் டேவிட் காப் என்பவரும், 1969-ல் ருஃபினி, பொனஸோலா என்ற இரண்டு பேரும் காகிதத்தில் போட்டுப் பார்த்த கணக்கு. போசான் என்கிற பெயர் நம்ம ஊர் சத்யேந்திரநாத் போஸுடையது. 1924-ல் டாக்கா யுனிவர்சிட்டியில் வாத்தியாராக இருந்தபோது ஒரு கட்டுரையை ஐன்ஸ்டைனுக்குத் தபாலில் அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதைத் தானே ஜெர்மனில் மொழிபெயர்த்துப் பிரசுரத்துக்குக் கொடுத்தார். என் கட்டுரைகள் திரும்பி வரும் வேகத்தை நினைத்துப் பெருமூச்சு விட்டேன்.

துகள்களில் இரண்டு ஜாதி. எலெக்ட்ரான் போன்றவை ரிசர்வேஷன் கோச். ஒரு சீட்டுக்கு ஒரு ஆள்தான். போசான்கள் அன்ரிசர்வ்டு. ஒரே சீட்டில் கோடி கோடியாக உட்காரும். அப்படி உட்கார்ந்த கூட்டம் தன் எடையாலேயே உள்ளுக்குள் நொறுங்கிவிடாதா? நொறுங்காமல் தாங்குவது ஹைசன்பர்க்கின் நிச்சயமின்மை விதி. ஒரு துகளை ரொம்பச் சின்ன இடத்தில் அடைத்தால் அது திமிறும். அந்தத் திமிறல்தான் தூண்.

அதற்கும் ஓர் எல்லை உண்டு. எல்லை தாண்டினால் கருந்துளை. துகள் எவ்வளவு லேசோ, நட்சத்திரம் அவ்வளவு கனமாக இருக்கலாம். நம் காலக்ஸியின் நடுவில் 27,000 ஒளி ஆண்டு தூரத்தில் 40 லட்சம் சூரியன் எடையில் ஒரு சமாசாரம் இருக்கிறது. அந்த எடையில் போசான் நட்சத்திரம் வேண்டுமானால், துகள் எலெக்ட்ரானைவிட ஏறக்குறைய 1-க்குப் பின்னால் 22 சைபர் போட்ட அளவு மடங்கு லேசாக இருக்க வேண்டும்.

"இப்படி ஒண்ணை யாராவது பாத்திருக்காங்களா?"

"இல்ல."

"டார்க் மேட்டர் துகளையாவது?"

"இல்ல சித்தப்பா."

அண்ணன் சொன்னது நியாயம்தானோ என்று முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது.

"அப்புறம் எதுக்குடா ராத்திரி முழிச்சுப் பண்றே?"

"2019 ஏப்ரல்ல கருந்துளை போட்டோன்னு பேப்பர்ல வந்துதே, ஆரஞ்சு கலர்ல வடை மாதிரி, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. எம்87 காலக்ஸியின் நடுவில் 650 கோடி சூரியன் எடை. 2022 மே மாதம் நம் காலக்ஸியின் நடுவையும் அதே கூட்டணி படம் பிடித்து வெளியிட்டது.

"வடைக்கு நடுவுல இருட்டா ஓட்டை இருந்தது. அது கருந்துளைதான்னு எப்படிச் சொல்றது? கருந்துளை இல்லாத வேற ஒண்ணு அங்க இருந்தா எப்படித் தெரியும்னு போட்டுப் பாத்தாத்தானே, இது அது இல்லைன்னு சொல்ல முடியும்?"

இது எனக்கு உடனே புரிந்தது. கேஷியர் நல்லவர் என்று சர்டிபிகேட் கொடுக்குமுன், அவர் கெட்டவராக இருந்தால் புத்தகம் எப்படி இருக்கும் என்று யோசிப்பவன்தான் ஆடிட்டர்.

*

படம் போடும் முறை சுவாரஸ்யமானது. நட்சத்திரம் ஒளி தராது. பின்னால் இருக்கிற வெளிச்சத்தை வளைக்கும், அவ்வளவுதான். எடை இருந்தால் ஒளி வளையும் என்பது 1919 சூரிய கிரகணத்தின்போது எடிங்டன் குழுவினர் எடுத்த போட்டோக்களிலேயே தெரிந்துவிட்டது.

நட்சத்திரத்துக்குப் பின்னாலிருந்து எல்லாப் பக்கமும் கிளம்புகிற கதிர்களைத் துரத்தினால், முக்கால்வாசி நம் கேமராவுக்கே வராது. வேலை வீண். ஆகவே திருப்பிப் போடுகிறார்கள். கேமராவிலிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கதிரைப் பின்னோக்கி அனுப்பி, அது எங்கே போய் முட்டுகிறதோ அந்த இடத்து நிறத்தை அந்தப் புள்ளிக்குக் கொடுப்பது. பணம் எங்கே போனது என்று தேடாமல், கையில் இருக்கிற பில்லை வைத்து எங்கிருந்து வந்தது என்று தேடுகிற மாதிரி.

500-க்கு 500 புள்ளிப் படம் என்றால் 2,50,000 கதிர்கள். ஒவ்வொன்றும் அடி அடியாக, ஆயிரக்கணக்கான அடிகள் வைத்துப் போக வேண்டும். லேப்டாப்புக்கு ஆறு மணி நேரம் வேலை. ஃபேன் அதன் பக்கம் திரும்பியிருந்த காரணம் விளங்கியது.

1979-ல் ஜான் பியர் லூமினே என்ற பிரெஞ்சுக்காரர் கருந்துளையின் படத்தை முதன்முதலில் இப்படிக் கணக்குப் போட்டு எடுத்தார். துளைபோட்ட அட்டைகளைத் தின்னும் பழைய ஐ.பி.எம். 7040 மெஷின் அவருடையது. அது எண்களைத்தான் கொடுத்தது. படம் போடத் தெரியாது. மனிதர் உட்கார்ந்து, இந்தியன் இங்க்கில், ஒவ்வொரு புள்ளியாகக் கையால் வைத்தார். நாற்பது வருஷம் கழித்து வந்த போட்டோவுக்கும் அதற்கும் இருக்கிற ஜாடை, அப்பா பிள்ளை ஜாடை.

"உன் படத்தைக் காட்டு" என்றேன்.

கார்த்தியின் முகம் சுருங்கியது. "பதினோரு நாளா தப்பா வருது."

திரையில் ஒரு வளையம். நடுவில் உடைந்து, படிக்கட்டு மாதிரி விலகி நின்றது. அடுத்த ஜன்னலில் எண்களின் வரிசை. எண்கள்! எனக்கு ஊரைப் பார்த்த மாதிரி இருந்தது.

"இந்தக் கடைசிக் கட்டம் என்ன?"

"அது செக். ஒளிக்கதிர்னா இந்தக் கட்டத்துல கடைசி வரைக்கும் சைபர்தான் வரணும். மாறினா எங்கயோ தப்பு."

"அட, டிரையல் பாலன்ஸ்! கடைசியா எந்தத் தேதி வரைக்கும் டேலி ஆச்சு?"

"தேதியா?"

"முதல்லேர்ந்து தேடாதே. எதுவரைக்கும் சரியா இருந்துதுன்னு பாரு. அதுக்கு அடுத்த என்ட்ரிதான் திருடன்."

பார்த்தோம். வெளியில் வரும்வரை சைபர். நட்சத்திரத்தின் எல்லையில் சட்டென்று மாறிவிட்டது. எந்தக் கதிரை எடுத்தாலும் அதே இடம். உள்ளே ஒரு அட்டவணை, வெளியே ஒரு ஃபார்முலா. இரண்டும் கைகுலுக்கும் இடத்தில் நட்சத்திரத்தின் எடையை அவன் கையால் டைப் செய்திருந்தான்.

"அட்டவணையில் என்ன வருது?"

"0.582."

"நீ அடிச்சது?"

"0.528."

வித்தியாசம் 54. ஒன்பதால் மீதியின்றி வகுபடும். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இரண்டு எண்கள் இடம் மாறியிருக்கலாம் என்பது கணக்கப்பிள்ளைகளின் பாலபாடம். இருபது வயதில் ஒரு மர மேஜையில் கற்றது. ஐன்ஸ்டைன் சமன்பாட்டில் உதவும் என்று அப்போது தெரியாது.

கார்த்தி தலையில் அடித்துக்கொண்டான். பிறகு ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டான். அந்தப் பிள்ளையின் கண்ணில் தண்ணீர் நின்றது. பதினோரு ராத்திரி!

*

ஞாயிறு காலை படம் ரெடி. பின்னணிக்கு காலக்ஸி போட்டோ வேண்டும் என்பதில்லை, எது வேண்டுமானாலும் வைக்கலாம். இவன் வைத்திருந்தது எங்கள் குடும்ப குரூப் போட்டோ. நட்ட நடுவில் அண்ணன்.

நட்சத்திரத்துக்கு நேர் பின்னால் இருக்கும் முகம் வளையமாக இழுபட்டுத் தெரியும். அதற்கு ஐன்ஸ்டைன் வளையம் என்று பெயர். ஆக, அண்ணன் நீண்டு, வளைந்து, வட்டமாகிவிட்டார். கருந்துளையாக இருந்தால் வளையத்துக்குள்ளே இருட்டு. கண்ணாடி நட்சத்திரத்தில் அப்படி இல்லை. வெளிச்சம் உள்ளே புகுந்து வருவதால் வளையத்துக்குள் இன்னொரு குட்டி அண்ணன். தலைகீழாக.

நிஜத்தில் இவ்வளவு சுலபமில்லை. சுற்றிலும் கொதிக்கும் வாயு இருக்கும். அதையும் சேர்த்து ஒலிவாரெஸ் என்பவர் தலைமையில் ஒரு குழு 2020-ல் சூப்பர் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தது. அவர்களின் போசான் நட்சத்திரத்திலும் நடுவில் இருட்டு வந்தது. ஆனால் அதே எடை கருந்துளையின் இருட்டைவிடச் சின்னது. ஆகவே இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியும் என்றார்கள். 2022-ல் வந்த படத்தின் இருட்டு, கருந்துளைக்கு எதிர்பார்த்த அளவுக்குப் பொருந்தியது.

அண்ணன் காபியோடு வந்தார். படத்தைப் பார்த்தார்.

"இதுக்கா ராத்திரி முழிச்சே? என்னைத் தலைகீழா நிக்க வைக்கவா?"

யாரும் சிரிக்கவில்லை. நான் புத்தி சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது. சொன்னேன், ஆனால் அண்ணனுக்கு.

"அண்ணே, நம்ம கணக்குக்காரங்க பரம்பரையைப் பாருங்க. ராமானுஜன் 1912-ல மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட்ல அக்கவுன்ட்ஸ் கிளார்க், மாசம் 30 ரூபாய். சி.வி.ராமன் கல்கத்தாவுல அசிஸ்டென்ட் அக்கவுன்டன்ட் ஜெனரல். 1917-ல அதை விட்டுட்டு, அதைவிடக் கம்மிச் சம்பளத்துக்குப் புரொபசர் ஆனார். அவர் அண்ணன் பையன் சந்திரசேகர், நட்சத்திரத்தோட எடைக்கு எல்லை போட்டவர். அவரோட அப்பாவும் அக்கவுன்ட்ஸ் இலாகாதான்..."

"ராமன் பேரைச் சொல்லாதே. ராமனுக்கு வீட்டுக் கடன் இருந்துதா? மாசம் 14,000 கட்டறேன். இன்னும் ஒன்பது வருஷம். எனக்கு ரிட்டயர்மென்ட் ஏழு வருஷத்துல."

அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் என் மூன்று மேதைகளும் எழுந்து போய்விட்டார்கள். அண்ணன் கூட்டுறவு பாங்க் கேஷியர். கணக்கு அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஒரு பேப்பரை எடுத்தேன். கார்த்தி நெட் பரீட்சை எழுதி ஜே.ஆர்.எஃப். வாங்கினால், 2023-ல் உயர்த்தியபடி மாசம் 37,000 உதவித்தொகை. இரண்டு வருஷம் கழித்து 42,000. அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். 28-ஐ விட 37 பெரிது என்று இருபத்தைந்து வருஷ கேஷியருக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

"கிடைக்கலைன்னா?"

பதில் இல்லை. கிடைப்பவர்களைவிடக் கிடைக்காதவர்கள்தான் ரொம்ப அதிகம். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"கம்பெனியில எப்ப சேரணும்?" என்று கேட்டேன்.

"நாலு மாசம் கழிச்சு" என்றான் கார்த்தி.

"பரீட்சை?"

"அதுக்கு முன்னாடியே வந்துரும்."

திங்கள்கிழமை கம்பெனிக்கு 'சரி' என்று பதில் போனது. பரீட்சைக்கும் பணம் கட்டப்பட்டது. கட்டியது அண்ணன். வித்தியாசம் சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில்.

நேற்று ராத்திரி அண்ணனிடமிருந்து மறுபடி போன். யாரும் போகவில்லை. ரிட்டர்னும் இல்லை.

"ஏண்டா, அந்த நட்சத்திரத்தோட சரியா நடு வழியா போற வெளிச்சம் மட்டும் வளையாம நேராப் போகும்னு சொன்னானே, அது எப்படி?"

"நாலு பக்கமும் சமமா இழுக்குதுண்ணே. அதனால எந்தப் பக்கமும் சாயாம நேராப் போயிடுது."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"படிச்சிட்டிருக்கான்" என்றார். "ஃபேனை அவன் பக்கம் திருப்பி வெச்சிருக்கேன்."

வைத்துவிட்டார்.